அது உருளைக்கிழங்கு இல்லை

ஊட்டிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்குக் கீழே உருளைக்கிழங்குத் தோட்டம். அதனாலோ என்னவோ, ஆழ்கடல் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ஓர் உவமை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக 'மத்ஸ்யா 6000' வாகனத்தை உருவாக்கி வருகிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்வது: சர்வதேச கடற்படுகை ஆணையத்தோடு 2002-ல் போட்ட ஒப்பந்தப்படி, மத்திய இந்தியப் பெருங்கடலில் நமக்கு 75,000 சதுர கிலோமீட்டர், அங்கே சுமார் 38 கோடி டன் உலோக உருண்டைகள் 'உருளைக்கிழங்கு மாதிரி' கிடக்கின்றன, மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் எல்லாம் அதில் உண்டு.

உருவத்துக்கு உவமை சரிதான். ஆனா உவமை உருவத்தோட நிக்கிறதில்லையே. எங்க ஊர்ல நீர்போகம் போனா கார்போகம், அது போனா கடைபோகம். எடுத்தா திரும்ப விளையும். கடலடி உருண்டை அப்படி இல்லை. ஒரு சுறாப் பல்லையோ சிப்பித் துண்டையோ சுற்றி, பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கையில் அடங்கும் ஓர் உருண்டைக்கு ஒரு கோடி ஆண்டுகூட ஆகியிருக்கலாம்.

இன்னொன்று, அது சும்மா கிடப்பதும் இல்லை. அங்கே வெளிச்சம் கிடையாது. குளிர் ஓரிரண்டு டிகிரி. அழுத்தம் நம் தலைமேல் இருப்பதைப்போல் ஐநூறு மடங்குக்கும் மேல். மேலிருந்து தூசி மாதிரி உதிரும் செத்த மிதவையுயிர்கள்தான் சாப்பாடு. சுற்றிலும் மெத்தென்ற சேறு. கடற்பஞ்சும் பவளமும் ஒட்டி நிற்கக் கெட்டியான இடம் அந்த உருண்டைதான். அதை எடுத்தால் வீட்டையே எடுத்த மாதிரி.

பெரு நாட்டுக்கு அப்பால் 1989-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கடலடியைச் சோதனைக்காக உழுதார்கள். 26 ஆண்டு கழித்து, 2015-ல் போய்ப் பார்த்தால் உழுத தடம் அப்படியே இருந்தது. நம் கடலியல் ஆய்வாளர்களும் 1997-ல் நம் பகுதியிலேயே, 5,000 மீட்டருக்கும் கீழே, சேற்றைக் கிளறிவிட்டு உயிர்கள் எப்படி மீள்கின்றன என்று பின்தொடர்ந்தார்கள். நான் படித்த தமிழ்க் கட்டுரைகளில் 38 கோடி டன் உண்டு. இந்தச் சோதனை இல்லை. என் ஆதங்கம் இதுதான்.

எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லவில்லை. என் லேப்டாப் பேட்டரியிலும் கோபால்ட் இருக்கிறது. ஆனால் மென்பொருளில் தப்பான மாற்றத்தைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். இங்கே அந்த வசதி கிடையாது. இதையும் வாசகருக்குச் சொல்லிவிட்டுப் புதையல் கணக்கைச் சொல்லுங்க.

வார்த்தைதானே என்று விட முடியாததற்கு எங்க மலையே சாட்சி. இங்கிருந்த புல்வெளியைத் தரிசு என்று நினைத்து வாட்டிலும் தைலமரமும் நட்டார்கள். இப்போது வாட்டிலைப் பிடுங்கிப் புல்லை மீட்கப் படாதபாடு படுகிறோம். இத்தனைக்கும் புல்வெளி நம் கண்ணெதிரே இருந்தது.