வைத்த வெடி யாருடையது?

ஆங்கிலத்தில் ‘பெட்டார்ட்’ என்று ஒரு சொல் உண்டு. ‘தன் பெட்டார்டாலேயே தூக்கி எறியப்பட்டான்’ என்ற தொடரில்தான் பெரும்பாலும் அது இன்று உயிரோடிருக்கிறது. தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொள்கிற எவனைப் பற்றியும் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது என் அபிப்பிராயம்.

பெட்டார்ட் என்பது பழைய காலத்தில் கோட்டைக் கதவைப் பிளக்க உபயோகித்த வெடி. உலோகக் கூட்டில் மருந்தை அடைத்து, கதவிலே பொருத்தி, திரியைக் கொளுத்திவிட்டு ஓடிவந்துவிட வேண்டும். திரி முந்திக்கொண்டால் கதவோடு ஆளும் போவான். ஆகவே, பிறனைக் கெடுக்கும் நோக்கம், அதற்கென்று தானே செய்த கருவி, அந்தக் கருவியாலேயே அழிவு என்று மூன்றும் சேர வேண்டும். உளறிக்கொட்டி வேலையை இழந்தவனுக்கு இது பொருந்தாது; ‘தவளை தன் வாயால் கெடும்’ என்பதே அவனுக்குப் போதும்.

தொடரின் பிறப்பிடம் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’. 1604-05 பதிப்பில் இருக்கிறது. 1623 பதிப்பில் அந்த வரிகளே இல்லை. தன் பழைய நண்பர்களான ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டர்ன் இருவரையும் மனத்தில் வைத்துத்தான் ஹாம்லெட் அப்படிப் பேசுகிறான். அவனைக் கொல்லச் சொல்லி அரசன் கிளாடியஸ் எழுதிய கடிதத்தை அவர்கள் கொண்டுபோகிறார்கள். கப்பலில் அவன் அதை எடுத்துவிட்டு, அவர்களைக் கொல்லச் சொல்லும் வேறொரு கடிதத்தை வைத்துவிடுகிறான்.

ஆனால் வெடியைச் செய்தவன் கிளாடியஸ். கடிதத்தில் இருந்தது அவ்விருவருக்கும் தெரியுமா என்று நாடகம் சொல்லவில்லை. திரியைத் திருப்பிக் கொளுத்தியவனோ ஹாம்லெட். தங்கள் தலையில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்லித் தன் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்கிறான். தான் ஏந்திய விஷக் கத்தியாலேயே சாகிற லேயர்ட்டீஸுக்கும், தான் கலந்த விஷத்தையே குடிக்க நேர்கிற கிளாடியஸுக்கும்தான் இந்தத் தொடர் முழுக்கப் பொருந்தும். நாடகத்தில் அவர்கள் விஷயத்தில் யாரும் அந்தத் தொடரைச் சொல்வதில்லை.

‘தானே தேடிக்கொண்டான்’ என்பது பல சமயங்களில் சொல்கிறவனுக்குச் சௌகரியமான வாக்கியம். நாவலில் வில்லன் தன் வினையால் அழிகிறபோதும் வாசகர்கள் திருப்தியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். திரி யார் கையிலிருந்தது என்று பார்த்துவிட்டு மூடலாம்.