படம் ஓடுது, பூட்டு எங்கே?

கம்ப்யூட்டரில் இருக்கும் வீடியோவை வைஃபை வழியா டிவியில் பார்க்கச் சொல்லித்தரும் தமிழ் யூடியூப் வீடியோக்கள் நிறைய. சொல்லும் முறை தெளிவு. பார்த்துச் செய்தா படம் ஓடிடும். ஆனா பலதில் ஒரே குறை: 'எவ்ரிஒன்' என்பதற்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடு, டிவி பாக்ஸில் போல்டர் தெரியலையா, எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணு. எதைத் திறந்துவிட்டோம்னு சொல்றதே இல்லை.

2017 மே மாதம் வானாக்ரை கணினிக்குக் கணினி தாவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. அந்த ஆண்டே மைக்ரோசாஃப்ட், புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் எஸ்எம்பி1-ஐச் சேர்க்காமல் விட்டது. 2019-இல் சாம்பாவும் 4.11 பதிப்பில் அதை முடக்கியது.

டிவிக்குப் படிக்கும் உரிமை போதும். எழுதும் உரிமையும் கொடுத்தா, வீட்டு வைஃபைக்குள் வரும் வைரஸ் பிடித்த எந்த லேப்டாப்பும் அந்த போல்டரைப் பூட்டிடலாம். சினிமா போனா திரும்பக் கிடைக்கும். அழகர் ஆற்றில் இறங்கின அன்னைக்கு தாத்தா தோளில் பிள்ளை உட்கார்ந்திருந்த வீடியோ?

தனி யூசர், பாஸ்வேர்டு, 'ரீட் ஒன்லி', எஸ்எம்பி2 அல்லது 3. பழைய பாக்ஸ் ஒத்துவரலைன்னா டிஎல்என்ஏ சர்வர். சொல்லித்தர ரெண்டு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.