தாயின் சர்க்கரையும் சேயின் பருமனும்

கர்ப்ப காலத்தில் தலைகாட்டும் நீரிழிவு, பிறந்த குழந்தையைப் பத்து வயதுக்குப் பிறகும் தொடருமா? இதற்கு விடை காண முயன்ற பெரிய ஆராய்ச்சிகளுள் ஒன்று 'ஹேப்போ' தொடராய்வு. அதன் முடிவு 2018ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. 'தாய்க்கு நீரிழிவு, ஆகவே பிள்ளைக்குப் பருமன்' என்று அதைச் சுருக்கிச் சொல்வது எளிது. ஆய்வோ அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை.

ஆய்வின் அமைப்பு பாராட்டத்தக்கது. கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுகோஸ் கொடுத்து இரத்தச் சர்க்கரையை அளந்தனர். அளவு மிகவும் கூடியிருந்தாலன்றி, அதைத் தாய்க்கோ மருத்துவருக்கோ தெரிவிக்கவில்லை. ஆகவே சிகிச்சை குறுக்கிட்டு முடிவைக் குழப்ப இடமில்லை.

பின்னர் 10 முதல் 14 வயது வரையுள்ள 4,832 குழந்தைகளைச் சோதித்தனர். நீரிழிவுற்ற தாய்மாரின் பிள்ளைகளுள் 39.5 சதவிகிதத்தினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள், மற்றவர்களுள் 28.6 சதவிகிதத்தினர். இவ்விரு எண்களோடு நின்றுவிடுவோர் ஒன்றை மறக்கின்றனர். பருத்த தாய்மாருக்கே இந்நீரிழிவு மிகுதியாக வருகிறது. அவர்களுடைய பிள்ளை தாயின் மரபையும் பெறுகிறது. தாயின் அடுப்பில் வெந்ததையே உண்ணவும் செய்கிறது. கருவறையின் பங்கு எது, தட்டின் பங்கு எது? தாயின் எடையைக் கணக்கில் கொண்டவுடன் வேறுபாடு சுருங்கி, வாய்ப்பு விகிதம் 1.21 ஆயிற்று, பிழை எல்லை 1.00 முதல் 1.46 வரை. விகிதம் 1 என்றால் வேறுபாடே இல்லை என்பது பொருள். எல்லைக்கோட்டில் நிற்கும் இவ்வெண்ணை ஆய்வாளர்களே உறுதியான சான்றாகக் கொள்ளவில்லை.

அதற்காக முழுவதையும் தள்ளிவிடுவதும் சரியன்று. பருமனை மட்டும் தனியே எடுத்தால் 19.1க்கு 9.9 சதவிகிதம், தாயின் எடையைக் கணக்கிட்ட பின்னும் இவ்வேறுபாடு நிலைத்தது. மேலும், எடையை உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் எண்ணுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றே! 2019இல் வெளியான மற்றொரு கட்டுரை இக்குழந்தைகளின் இரத்தத்தையே ஆராய்ந்தது. குளுகோஸைத் தாங்கும் திறன் குன்றியோர் ஒரு பிரிவில் 10.6 சதவிகிதம், மற்றதில் 5.0. தாய், பிள்ளை இருவரின் எடையையும் கணக்கில் கொண்ட பிறகும் இது மறையவில்லை. என் கருத்தில், முதலில் பேசப்பட வேண்டிய முடிவு இதுவே.

அரிசோனாவின் பீமா மக்களிடையே நடந்த ஆய்வு (2000) வீட்டு உணவுச் சிக்கலை அழகாகத் தாண்டியது. ஒரே தாயின் பிள்ளைகளுள், அவளுக்கு நீரிழிவு வருமுன் பிறந்தோரையும் பின் பிறந்தோரையும் ஒப்பிட்டனர். பின் பிறந்தோரே பருத்திருந்தனர். அங்கே நோய், கர்ப்பத்தோடு மறையும் வகையன்று என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் ஆஸ்திரேலியாவில் கர்ப்பகால நீரிழிவுக்குச் சிகிச்சை அளித்தபோது (2005), பெரிய குழந்தைகள் பிறப்பது 21 சதவிகிதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தது. அவர்களுள் 199 பேரை 4, 5 வயதில் அளந்தபோது, சிகிச்சை பெற்ற தாயின் பிள்ளைக்கும் பெறாதவளின் பிள்ளைக்கும் எடையில் வேறுபாடு தென்படவில்லை. அந்த வயதில் இரத்தம் என்ன சொல்லியிருக்கும் என்பதை எடை அளவு சொல்லாது.