உறைதல் எதிரியா? ஸைக்ரிஸ் கதையை மறுபடி படித்தபோது

மூன்று வருஷம் முன்னால் புதுச்சேரியில் ஒரு ஐசியூ வாசலில் சித்தப்பாவுக்காக உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை நோயாளி, கால் விரல் புண்ணில் தொடங்கி செப்டிக் ஷாக் வரை போய்விட்டது. விரல் நுனியெல்லாம் கறுப்பு, ஊசி குத்திய இடத்திலோ ரத்தம் நிற்கவில்லை. "உறையுதா, உறையலையா டாக்டர்?" என்றேன். "ரெண்டும்தான் சார். சின்னக் குழாய்ல எல்லாம் உறைஞ்சு உறைஞ்சே பிளேட்லெட் தீர்ந்துபோச்சு" என்றார். சித்தப்பா பிழைக்கவில்லை. அன்று ஆரம்பித்த வாசிப்பு இது.

உறைதல்தான் ஆளைக் கொல்கிறது, அதைத் தடுத்தால் போதும் என்ற நம்பிக்கையின் உச்சம் ஸைக்ரிஸ். உடலிலேயே உறைதலைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் சி-யின் செயற்கை வடிவம். 2001-ல் வெளியான புரோவெஸ் ஆய்வில் 1,690 பேர், இறப்பு 30.8 சதவீதத்திலிருந்து 24.7-க்கு இறங்கியது. பிரமாதம்தான். ஆனால் ஆய்வு நடக்கும்போதே நோயாளிகளைச் சேர்க்கும் விதியை மாற்றினார்கள், நல்ல முடிவு தெரிந்ததும் பாதியில் நிறுத்தினார்கள். புராஜெக்ட் நடுவில் ஸ்பெக்கை மாத்திட்டு டெஸ்ட் பாஸ்னு சொன்னா நாங்க விடுவோமா? அமெரிக்க ஆலோசனைக் குழுவில் ஓட்டு 10-10 என்று சரிபாதியாகப் பிரிந்தது. இருந்தும் அனுமதி கிடைத்தது. மறுபடி சோதித்தபோது மருந்து பெற்றவர்களில் 26.4 சதவீதம் இறந்தார்கள், பெறாதவர்களில் 24.2. 2011 அக்டோபரில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள்.

எனக்கு உறுத்துவது புள்ளிவிவரத்தைவிட அடிப்படை அனுமானம். 1956-லேயே ஃபிரெடரிக் பேங் குதிரைலாட நண்டுக்குள் பாக்டீரியாவைச் செலுத்தி, அதன் ரத்தம் உறைவதைக் கண்டார். நண்டுக்கு அது நோய் மட்டுமல்ல, காவலும்கூட: கிருமியைக் கட்டிப்போடும் வலை. நம்மிடமும் அந்த வேலை மிச்சமிருக்கிறது. 2013-ல் எங்கல்மன், மாஸ்பெர்க் இருவரும் 'இம்யூனோத்ராம்போசிஸ்' என்று பெயரிட்டு எழுதியது இதைத்தான். காவலே கட்டுமீறும்போதுதான் சித்தப்பாவுக்கு நடந்தது நடக்கிறது.

அப்படியானால் யாருக்குக் கட்டுமீறியது என்று முதலில் பார்க்க வேண்டாமா? புரோவெஸ்ஸில் சேர உறைதல் கோளாறு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. 2019-ல் வந்த ஸ்கார்லெட் ஆய்வு, த்ராம்போமாடுலின் என்ற மருந்துக்கு, அந்த நிபந்தனையை வைத்தது. ஆனால் மருந்து ஏற்றும் நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதற்குள் வரவில்லை. மொத்தத்தில் ஆய்வு தோற்றது. அந்த ஒருவரைக் கழித்துப் பார்த்தால் மருந்துப் பக்கம் இறப்பு 26.7, மறுபக்கம் 32.1. பிற்பாடு போட்ட கணக்கு, ஆதாரமாக எடுக்க முடியாது. ஆனால் அடுத்த ஆய்வை எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு அது காட்டுது.