செயப்பாட்டுவினையும் மறையும் வினைமுதலும்: எல்லைப்போராட்ட உரைநடையை முன்வைத்து

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடிக் கடற்கரையில் அமைந்த ஊர் பொழியூர். அதனை அடுத்துள்ள கொல்லங்கோடு குமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்துடன் நிறுத்தப்பட்டது. இத்தொடரின் இரு பயனிலைகளும் செயப்பாட்டுவினைகளே. இணைத்தவர் யார், நிறுத்தியவர் யார் என்பதைத் தொடர் கூறவில்லை. எல்லைப்போராட்டம் பற்றிய எழுத்துகளில் இவ்வமைப்பு ஆற்றும் பணியைச் செயல்பாட்டு இலக்கணம் எந்த அளவிற்கு விளக்குகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

செயல்பாட்டு இலக்கணத்தார் கருத்து

சைமன் டிக் (1978), எழுவாய் என்னும் தகுதி வினைமுதலுக்கு அன்றிச் செயப்படுபொருளுக்கு வழங்கப்படும்போது செயப்பாட்டுவினை தோன்றுகிறது என்பார். நிகழ்ச்சி பார்க்கப்படும் கோணமே மாறுகிறது என்பது அவர் கொள்கை. ஹாலிடே (1985) தொடரின் தொடக்கத்தில் நிற்கும் கருப்பொருளோடு இதனைத் தொடர்புபடுத்துவார். சொல்வரிசை இறுகிய ஆங்கிலத்திற்கு இவ்விளக்கங்கள் பொருந்தும்.

தமிழில் செயப்படுபொருளை முன்னிறுத்த வினையை மாற்ற வேண்டியதில்லை. ‘காவலர் இளைஞரைச் சுட்டனர்’ என்பதை ‘இளைஞரைக் காவலர் சுட்டனர்’ என்றாலே போதும். இரண்டாம் வேற்றுமை உருபு பொருளைக் காத்துவிடும். திராவிட மொழிகளில் முறையான செயப்பாட்டுவினை இல்லை எனக் கால்டுவெல் (1856) கருதியதற்கும் ‘படு’ துணைவினையாய் நிற்பதே அடிப்படை. அவ்வாறாயின், இக்கால உரைநடையில் ‘படு’ பெருகியது ஏன்?

விகுதி காட்டும் உண்மை

எழுவாயை நீக்கிச் ‘சுட்டுக் கொன்றனர்’ என எழுதினாலும், ‘அர்’ விகுதி கொன்றவரைச் சுட்டி நிற்கும். ‘சுட்டுக் கொல்லப்பட்டனர்’ என்னும்போதோ அதே விகுதி இறந்தவரைச் சுட்டுகிறது. கொன்றவரின் இறுதித் தடயமும் மறைகிறது. எனவே தமிழில் செயப்பாட்டுவினையின் முதன்மைப் பணி செயப்படுபொருளை உயர்த்துவதன்று. விகுதியிலிருந்தும் வினைமுதலை அகற்றுவதே எனலாம்.

எல்லையின் மறுபுற மொழியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். மலையாள வினைமுற்று பால்காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. ‘கொன்னு’ என்பதில் எழுவாய் நீங்கினால் வினையில் கொன்றவர்பற்றிய குறிப்பேதும் இல்லை. ‘கொல்லப்பெட்டு’ என்னும் செயப்பாட்டுவினை அங்கு மறைப்பது குறைவு; தமிழில் மறைப்பது மிகுதி.

1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இவ்வேறுபாடு வெறும் இலக்கணச் செய்தியன்று. சுட்டது திருவிதாங்கூர்-கொச்சி அரசின் காவல்துறை. முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. அவர் கட்சியின் பொதுச்செயலாளர் இராம் மனோகர் லோகியாவே அவ்வரசு பதவி விலக வேண்டும் என்றார். பொறுப்பு யாருடையது என்பதே அன்றைய வினா. ரொடீசியாவில் 1975இல் நடந்த காவலர் துப்பாக்கிச்சூடு பற்றிய செய்திகளை ஆராய்ந்த டோனி ட்ரூ (1979), செயப்பாட்டுவினையின்வழிச் சுட்டவர் பின்னுக்குத் தள்ளப்படுவதைக் காட்டினார்.

தன்வினையின் மறைப்பு

எனினும் செயப்பாட்டுவினையை மட்டும் குறைகூறும் திறனாய்வு அரைகுறையானதே. ‘இணைத்தனர்’, ‘இணைக்கப்பட்டன’, ‘இணைந்தன’ என மூன்று வாய்ப்புகள் தமிழில் உண்டு. ‘இணைக்கப்பட்டன’ என்றால் ‘யாரால்?’ என வினவ இடமுண்டு. ‘இணைந்தன’ என்றால் அவ்வினாவிற்கே இடமில்லை; வட்டங்கள் தாமே இணைந்தனவாகின்றன. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் வினையியலில் ஏற்றுக்கொண்டமை, இத்தகைய வெளிப்பாடு தமிழுக்கு இயல்பானது என்பதை உணர்த்தும். இயல்பானதாகலின் ஐயம் எழுப்பாது மறைக்கிறது.

உண்மையில் வினைமுதல்கள் அறியப்பட்டவர்களே. பசல் அலி தலைமையில் குன்சுருவும் பணிக்கரும் உறுப்பினராயிருந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் 1956இல் சட்டம் இயற்றியது. ‘குமரி இணைந்தது’ என்னும் வெற்றித் தொடரும், ‘நெய்யாற்றின்கரை நின்றுவிட்டது’ என்னும் ஏக்கத் தொடரும் இவர்களை ஒருங்கே மறைக்கின்றன.

முடிவுரை

தமிழ்ச் செயப்பாட்டுவினையை விளக்கக் கோணமும் கருப்பொருளும் போதா; விகுதியையும் தன்வினை-பிறவினை இணைகளையும் சேர்த்தே காணவேண்டும். எல்லைப்போராட்ட வரலாற்றை எழுதுவோர் ‘யாரால்?’ என்னும் வினாவைத் தம் தொடர்தோறும் எழுப்பிப் பார்ப்பது நலம். அதற்கு விடை உண்டு என்பதைப் பொழியூரின் எல்லைக்கோடே உணர்த்துகிறது. அது தானே விழுந்த கோடன்று.