பழைய ஜென் தேடுகிறவர்களுக்கு

கையில் இருப்பது ஒரு புது மோட்டார் சைக்கிளுக்கான பணம்தான். ஆனால் ஓட்டினால் முகத்தில் சிரிப்பு வர வேண்டும். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது மாருதி ஜென். 1993இல் வந்த அந்த உருண்டை முகத்துக்காரன். (2006இல் ஜென் எஸ்டிலோ என்று வந்தது வேறு வண்டி, ஏமாற வேண்டாம்.) நான்கு சிலிண்டர், 993 சிசி அலுமினிய எஞ்சின், வண்டியின் எடையோ 800 கிலோவைத் தொடாது. இரண்டாவது கியரில் அந்தத் துள்ளல் வருவது அதனால்தான். பின்சீட்டில் உட்காரும் மாமனார் முணுமுணுப்பார். கிடக்கட்டும்.

பார்க்கப் போகுமுன், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால்தான் சங்கதி தெரியும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் கால்மிதியைத் தூக்கி அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். கதவோரம் காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது பட்டி. எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம். துருவோடு மல்லுக்கட்டி மாளாது. கடலோர ஊர் வண்டியை நான் தொடவே மாட்டேன்.

15 ஆண்டு தாண்டிய வண்டி என்பதால், ஆர்சி புதுப்பித்தாயிற்றா, இன்னும் எவ்வளவு காலம் செல்லும் என்று பார்க்காமல் முன்பணம் கூடாது.

கார்புரேட்டர் வண்டியா, எரிபொருளைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியா? என் ஓட்டு கார்புரேட்டருக்கு. காலையில் சோக் இழுக்க வேண்டும்தான். ஆனால் தெருமுனை மெக்கானிக்கே ஒரு ஸ்குரூடிரைவரால் ஐடிலிங்கைச் சரிசெய்துவிடுவார்.