தக்ராரும் தகராறும்

அரபுக் கல்லூரிகளில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, அன்று ஓதிய பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்பதற்குத் ‘தக்ரார்’ என்று பெயர். மீண்டும் கூறல் என்பது அதன் பொருள். வாயிலைக் கடந்து தெருவில் இறங்கினால் அதே சொல் ‘தகராறு’ ஆகிவிடுகிறது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் பிசகாத நினைவாற்றல் ‘ளப்து’. கடன்பட்டவன் வீட்டுப் பாத்திரங்களை அமீனா எடுத்துச் செல்வது ‘ஜப்தி’.

வசூல், பாக்கி, ஆஜர், ஜாமீன், வாரிசு, ரத்து முதலிய சொற்களை அடுக்கி, “இவையெல்லாம் இஸ்லாம் தமிழுக்கு அளித்த கொடை” என்று பெருமை பேசும் கட்டுரைகள் நம்மிடையே மிகுதி. நாமும் இளமையில் அவ்வாறு பேசியதுண்டு. இப்போது அப்பெருமை நமக்கு உவப்பாக இல்லை.

‘ளாத்’ என்னும் ஓரெழுத்தே இதற்குச் சான்று. கடல் வழியாக வந்து மார்க்கத்தோடு பழகிய சொற்களில் அவ்வெழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ‘ள’ என்றே ஒலித்தனர்: ரமளான், பர்ளு, உளூ. ஜப்தி, ஆஜர், ஜாமீன், ஜில்லா, மாஜி ஆகியவற்றிலோ அதே எழுத்து ‘ஜ’ ஆகியுள்ளது. பார்சி நாவில் ‘ஸ’கரமாகத் திரிந்து, ஆற்காட்டு நவாபின் கணக்கர்கள் வழியாக வந்ததன் தழும்பு அது. 1801இல் கர்நாடகத்தைக் கைக்கொண்ட கும்பினியாரும் இச்சொற்களை விட்டுவிடவில்லை. வரி வாங்க அவை வசதியாயிருந்தன. ஆக, இவை பள்ளிவாசலின் சொற்களல்ல, கச்சேரியின் தொழிற்சொற்கள்.

கல்வராயன் மலையைப் பாருங்கள். அங்கே மலையாளிப் பழங்குடியினரை 1976 வரை ஆண்டவர்கள் ஜாகிர்தார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் பெயர்களில் ஜாகிர்கள் இருந்தன. ஆண்டவரும் முஸ்லிமல்லர், ஆளப்பட்டவரும் அல்லர். சொல் மட்டும் பார்சி. அதிகாரம் ஏறிய மலைக்கெல்லாம் அதன் சொல்லும் ஏறியிருக்கிறது. இதில் நாம் நெஞ்சு நிமிர்த்த என்ன உண்டு?

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்திக்குப் பசலிக் கணக்கே இன்றும் அடிப்படை. 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. நம் ஃபிக்ஹு நூல்களில் ‘ஃபஸ்ல்’ என்பது ஓர் உட்பிரிவின் தலைப்பு. அங்கே அது வரியாண்டு. ஜமாபந்தியை ‘வருவாய்த் தீர்வாயம்’ என்றும் தாசில்தாரை ‘வட்டாட்சியர்’ என்றும் மாற்றியவர்களை நாம் குறை கூறோம். ஆயினும், கச்சிராயபாளையம் வழியே மனுவோடு மலையிறங்கி வருபவருக்குத் தீர்வாயமும் ஜமாபந்தியும் ஒருபோலவே அயல்மொழி. தனித்தமிழன்பரும் நம் பெருமைக்காரரும் சொல்லின் பிறப்பைப் பற்றி வழக்காடுகின்றனர். அது யார்மீது விழுகிறது என்பதை இருவருமே பார்ப்பதில்லை.

பாகப்பிரிவினைப் பாடத்தில் ‘ரத்து’ என்றால், உரிய பங்குகளைக் கொடுத்தபின் எஞ்சியதை அந்த வாரிசுகளுக்கே திருப்பித் தருதல். “பட்டா ரத்து” என்று கேட்டவர் கையில் திரும்பி வருவது அவர் கொடுத்த மனு மட்டுமே.